சலவைக் கடையின் முன்சுவர்

பெரியம்மா காலில் கிடந்த வீட்டுச் செருப்பைக் கழற்றி அதனாலேயே கதவை அடித்தாள். கையால் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் சிவந்துபோயிருந்தது. அடித்த அடியில் நிலைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது. உள்ளே இருந்த மனிதர் அசைகிற சத்தமே இல்லை.

"தம்பி, கதவைத் தெறக்கிறீங்களா, இல்ல ஆளைக் கூட்டிட்டு வந்து உடைக்கட்டுமா?"

"வேலை முடியலைக்கா" என்றது அப்பாவின் குரல்.

நேற்றிலிருந்து அதே பதில்தான். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடைக்கு வந்த ஆளிடம் நாளைக்கு வாங்க என்று சொல்கிற மாதிரி ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க பெரியம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கட்டின பெண்டாட்டி பக்கத்து அறையில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது பொம்மை வீட்டுக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிற ஆம்பிளையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு காலில் செருப்போடும் ஒரு கையில் செருப்போடும் தங்கையின் கட்டிலை நோக்கிப் போனாள்.

அம்மாவைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த மகள், ஈரத் துண்டைப் பிடித்தபடி நடையிலேயே நின்றாள். காலையில் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், வாசல் கேட்டில் கை வைத்துக்கொண்டு, இன்றைக்குத் தாண்டாது, பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லும்போது அவர் கண்ணும் அந்த மூடிய கதவுக்குத்தான் போனது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா போகும்போது அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் காபிகூடக் குடிக்காதவர்கள். இந்த ஒரு பொழுதில் நடுவில் ஒரு கதவு நிற்கக்கூடாது.

அப்பாவின் தொழிலை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பெரும்பாடு. விரல் நீளம்கூட இல்லாத பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து நகர்த்திச் சண்டை போடுகிற பெரிய மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நரைத்த தலைகள், பேங்க் மேனேஜர், ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு வாடகை ஹாலில் கூடி, சாப்பாட்டையும் மறந்து ஊர்களைப் பிடிப்பார்கள், இழப்பார்கள். அவர்களுடைய சிப்பாய் ஒளிய ஒரு சுவர் வேண்டும், ஏற ஒரு மேடு வேண்டும், கடக்க ஒரு பாலம் வேண்டும். அதெல்லாம் அப்பாவின் கையிலிருந்து வரும். முன்பு ஒரு கட்டட ஆபீசில் மாதிரி வீடுகள் செய்துகொண்டிருந்தவர். அங்கே கட்டிக் காட்டணும், இங்கே இடிச்சுக் காட்டணும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார்.

ஆனால் கட்டட ஆபீஸ் கை சுத்தமான கை. குண்டு விழுந்த வீட்டைச் செய்தாலும் அது நேற்றுத்தான் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்தவள் அம்மா. அவள் டிரை கிளீனிங் கடையில் கறை எடுக்கிறவள். எண்ணெய், துரு, ரத்தம், மை, பச்சைக் குழந்தையின் வாந்தி, எது எந்தத் துணியில் எப்படி இறங்கும், எங்கே தேங்கும், எங்கே வெளிறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கல்யாணமான புதிதில் அப்பா பெருமையாக நீட்டிய வீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் யாரும் குடியிருக்கவில்லையே என்றாளாம். பிரஷ்ஷை எடுத்துப் பழுப்புத் தண்ணீரில் தோய்த்து, ஜன்னலுக்குக் கீழே மழை வழிந்த தடம், கதவைச் சுற்றிக் கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, புகைபோக்கிக்கு மேலே கரி என்று பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு குடும்பத்தையே குடிவைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கை படாமல் ஒரு சுவரும் வீட்டை விட்டுப் போனதில்லை. சாப்பாட்டு மேஜையில் டம்ளர் வட்டம் பதிந்தால் அரை நாள் பேசமாட்டாள். பொம்மை வீட்டுக்கு அழுக்குப் போட உட்கார்ந்தால் அதே மேஜையில் எழுந்திருக்க மனசு வராது.

இப்போது உள்ளே நடக்கிற வேலையும் அவள் கேட்டதுதான். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்ன வாரத்தில், கட்டிலில் கிடந்தபடியே அப்பாவைச் சீண்டினாள். பாலம் செய்றீங்க, மில்லு செய்றீங்க, ரயில் ஸ்டேஷன் செய்றீங்க. இத்தனை பேர் புழுதியில் புரண்டு சண்டை போடுற ஊர்ல துணி வெளுக்க ஒரு கடை வேண்டாமா என்றாள். அப்பா சிரித்தார். சலவைக் கடை வேலை அன்றைக்கே தொடங்கியது. அதெல்லாம் மகளுக்கும் தெரியும். கையடக்கமான ஒரு கடைக்கு இத்தனை நாள் ஏன் என்பதுதான் தெரியவில்லை. இதற்குள் அவர் ஒரு முழுத் தெருவையே கட்டி முடித்திருப்பார்.

அம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது மூச்சுச் சத்தம்தான் முதலில் வந்தது. ரம்பம் நின்று நின்று இழுபடுகிற சத்தம். ஆக்ஸிஜன் குழாயைத் தாண்டி, தலையணையைத் தாண்டி, அது வீடு முழுக்க நிறைந்திருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. வீட்டோடு தங்கியிருந்த நர்ஸ் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா காலடியில் உட்கார்ந்து தங்கையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். செருப்பு இன்னும் மடியில் கிடந்தது.

கதவு அசைந்ததும் அம்மாவின் கண் திறந்தது. மகளைப் பார்த்து, மகளுக்குப் பின்னால் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டது. உதடு அசைந்தது. மகள் குனிந்து காதை வைத்தாள்.

"முடிச்சாரா?"

"இன்னும் கொஞ்சம்தாம்மா. முடிச்சிடுவார்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் வரட்டும் என்று நிழலில் ஒதுங்கி நிற்கிறவளின் பொறுமை அந்த முகத்தில் இருந்தது. அடுத்த மூச்சு வர நேரமானது. வந்தபோது முதுகு மெத்தையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பெரியம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் மகளை வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். கொடுக்க முடிந்த மருந்தையெல்லாம் கொடுத்தாயிற்றாம். உடம்பு எப்போதோ நின்றிருக்க வேண்டுமாம். இவ்வளவு கஷ்டத்தோடு எதற்காகவோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், இப்படி இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரையாவது எதிர்பார்க்கிறார்களா என்று கேட்டாள்.

எதிர்பார்க்கிற ஆள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று சொல்லாமல் மகள் படியிறங்கினாள்.

வேலை அறைக்கு இன்னொரு வழி உண்டு. வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் போகிற சந்து. பெயிண்ட் நெடி போவதற்காக அந்தப் பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அவள் காலி வாளிகளைத் தாண்டி, சேலை ஆணியில் மாட்டிக் கிழிய, அந்த ஜன்னலடியில் போய் நின்றாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள்.

அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். விளக்கடியில் சலவைக் கடை நின்றது. பக்கச் சுவர்கள், பின்சுவர், ஓடு சரிந்த கூரை, உள்ளே தீக்குச்சி கனத்தில் ஒரு கொடி, அதில் காகிதச் சட்டைகள். எல்லாம் முடிந்து பெயிண்ட் அடித்துத் தயாராக இருந்தது. முன்சுவர் மட்டும் இல்லை. அந்தச் சுவர் அவர் கையில் இருந்தது. தெர்மோகோல் மாதிரியான நுரைப் பலகையில் வெட்டி, கதவுக்கும் மூன்று ஜன்னலுக்கும் இடம் விட்டு, செங்கல் செங்கலாகக் கோடு கீறி முடித்திருந்தார். அவள் பார்வைக்கே தெரிந்தது, அதில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

அவர் அதை மேஜைமேல் படுக்க வைத்தார். ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே பெயிண்ட்டைக் கலக்குகிற கோலிக்குண்டு கடகடத்தது. மூடியைத் திறந்து அந்த வெறும் பலகைமேல் அடித்தார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நுரைப் பலகையில் ஸ்ப்ரே படக்கூடாது. அதில் உள்ள ஏதோ ஒன்று நுரையைத் தின்றுவிடும். முதலில் பசையும் கறுப்பு பெயிண்ட்டும் கலந்து தோல் மாதிரிப் பூசி, அது காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே. இந்தத் தொழிலில் முதல் நாள் முதல் பாடம் அது. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கிளப்புக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்துவிட்டு, அரித்துப்போன மலையையோ வீட்டையோ தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வருவார்கள். அப்பா சிரித்துச் சொல்லிக்கொடுப்பார். அந்த அப்பா அடிக்கிறார்.

செங்கற்கள் சீறிக்கொண்டு உள்வாங்கின. ஜன்னல் விளிம்புகள் உருகி இளித்தன. கொஞ்ச நேரத்தில் சுவர், அம்மை போட்ட முகம் மாதிரி ஆனது. பதற்றத்தில் கை தவறிவிட்டது, பாவம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் பதறவில்லை. அரித்த சுவரை எடுத்து, குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியில் போட்டார். பெட்டி நிரம்பி வழிந்தது. எல்லாம் முன்சுவர்கள். எல்லாம் அதே அளவு, அதே மூன்று ஜன்னல், அதே மாதிரி அரித்தவை. அவர் புதுப் பலகை ஒன்றை எடுத்து வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

கொண்டுவந்த நாலு வார்த்தையும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அப்பா."

அவர் திரும்பினார். முகத்தில் நாள்கணக்கில் வளர்ந்த வெள்ளை முடி. அவள் பார்வை பெட்டிமேல் இருப்பதைப் பார்த்தார். ஒளிக்கப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு மறுபடி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சுவர் வழியாக அந்த ரம்பச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இங்கே இன்னும் தெளிவாகக் கேட்டது. கட்டிலின் தலைமாடு இந்தச் சுவரோடு சேர்த்துத்தான் போட்டிருந்தது. ஒவ்வொரு இழுப்பையும் அவர் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்கிட்ட சொல்லிட்டா" என்றார் அப்பா. "கடையை முடிச்சுக் கொண்டாங்க, அழுக்கு நான் போடுறேன், அதுக்கப்புறம் என்னை நிறுத்தி வைக்காதீங்கன்னா. நீ வர்றதுக்கு முந்தின நாள்."

"அதனால?"

"முடிச்சா போயிடுவா."

"நீங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமேப்பா. முடிக்காம அப்படியே வெச்சுட்டு."

"போனா கேக்குறா, முடிஞ்சுதான்னு. கையைக் கட்டிட்டு உக்காந்துட்டு இல்லன்னு எப்படிச் சொல்றது? அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது. சட்டைக் காலரைப் பாத்தே எங்க போயிட்டு வந்தேன்னு சொல்றவ." உள்ளங்கையால் மேஜையைத் துடைத்தார். "இப்ப முடியலைன்னு சொன்னா அது நெஜம்."

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது பயம். ஏனென்றால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. பெரியம்மாவுக்கு இது புரியாது. நர்ஸுக்கு உரிமை இல்லை. அம்மா அவளுக்கும் அம்மாதான். இன்னும் ஒரு நாள், ஒரு பொழுது, அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று அவளுக்கும்தான் இருந்தது. இவர் பலகை பலகையாக அரித்துக்கொண்டே இருக்கட்டும், நாம் பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது. இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். பிறகு, துணி கிழிகிற மாதிரி, மறுபடி வந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள். "நீங்க காதாலதான் கேக்குறீங்க. நான் பாத்துட்டு இருக்கேன்."

அப்பா புதுப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முடிச்சுக் குடுத்துடுங்க."

சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று இருந்தது. பெற்றவளைக் கொன்றுவிடுங்கள் என்று கேட்டுவிட்ட மாதிரித்தான். அப்பா அவளை அறைந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பேனா டம்ளரிலிருந்து மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனா ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"நான் வெட்டுறேன். நீ செங்கல் கீறு."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கை கால் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். கைதான் ஓடியது. அப்பா அளந்து, நுரையை வெட்டுகிற சூட்டுக் கம்பியில் பலகையை இழுத்தார். நுரை பொசுங்குகிற வாடை எழுந்தது. அவள் சின்னப் பிள்ளையில் வீட்டுப்பாடத்துக்குப் பயந்து ஓடிவந்து கீறிய அதே கோடுகளைக் கீறினாள். முதல் வரிசை கோணிக்கொண்டது. பரவாயில்லை, அவசரத்தில் கட்டின கடை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். பசையும் கறுப்பும் கலந்து அவர் பூசினார். அது காய வேண்டும். சாதாரணமாக ஒரு பகல் விட்டுவைப்பார். அவள் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள்.

அந்தச் சத்தம் கேட்டுப் பெரியம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பனும் மகளுமாக உட்கார்ந்து தலைமுடி காயவைக்கிறீர்களா என்று கேட்க வாயைத் திறந்தவள், மேஜையைப் பார்த்தாள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பேசாமல் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தங்கையிடம், இதோ வர்றார், இதோ வர்றார் என்று சொல்லிக்கொண்டிருப்பது சுவர் வழியே கேட்டது. கொஞ்சம் முன்பு கதவை உடைக்கத் தயாராக இருந்த குரல் அது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது அவசரம் அப்பாவுக்குத்தான். இவ்வளவு நாள் நேரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர், இப்போது அது போய்விடுமோ என்று துரத்தினார். ஓரம் ஈரமாக இருக்கும்போதே செங்கல் நிறத்தை வைத்தார். கிட்டே காட்டாதே, சூட்டில் வளையும் என்று அவள் கையை விலக்கினார். காயாத இடத்தில் பிரஷ் பட்டுக் கறுப்பு இழுபட்டது. அதைப் பார்க்காத மாதிரி மேலே போனார். இரண்டு தடவை மூச்சுச் சத்தம் நின்று, இரண்டு தடவையும் அவர் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாவது தடவை நின்றது நெடுநேரம். "இருடி, இருடி" என்று முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது.

நர்ஸ் வந்து தலையை மட்டும் நீட்டி, வாங்க என்றாள்.

சுவரை ஒட்டப் பசைக்கு நேரமில்லை. அப்பா குண்டூசிகளைச் செருகி அதை முன்னால் நிறுத்தினார். அம்மா கலக்கி வைத்திருந்த பழுப்புத் தண்ணீர்ப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடையைத் தாண்டிப் போனபோது, காகிதச் சட்டைகள் கொடியில் ஆடின.

பெரியம்மா எழுந்து நாற்காலியை விட்டாள். அப்பா உட்கார்ந்து, கடையை மெத்தைமேல், அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாம்மா. முடிஞ்சுது."

அம்மாவின் கண் திறந்தது. திறக்க நேரமானாலும் திறந்த பிறகு அது தொழில் தெரிந்த கண்ணாகத்தான் இருந்தது. கூரையைப் பார்த்தது, கொடியைப் பார்த்தது, கோணலான செங்கல் வரிசையில் வந்து கொஞ்சம் நின்றது. மகளுக்கு இந்த நேரத்திலும் முகம் சூடானது. பிறகு கண் ஜன்னல்களுக்கு வந்தது. உதடு பிரிந்தது.

"ஜன்னலுக்குக் கீழ" என்றாள்.

"தெரியும். அதை உனக்குத்தான் விட்டு வெச்சேன்."

புட்டியைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றினார். பிரஷ்ஷை வைத்துப் பார்த்தார், விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. அவர் அவளுடைய வலது கையைத் தன் கையால் தாங்கி, ஆள்காட்டி விரலை மூடியில் தொட்டு, முதல் ஜன்னலின் விளிம்பில் வைத்தார். அதற்குமேல் அவர் இழுக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், இழுத்தது அம்மாதான். விளிம்பிலிருந்து கீழே, நேராக வராமல், ஒரு செங்கல் தள்ளி வளைந்து, மழைத் தண்ணீர் வழி தேடிப் போகிற மாதிரி ஒரு தடம். அப்பா மறுபடி விரலை மூடியில் தொட்டு இரண்டாவது ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடம் குட்டை. ஆனால் அதுவும் அவள் போட்டதுதான். கோணல் செங்கல் வரிசைமேல் அந்த இரண்டு கோடும் விழுந்ததும் சுவருக்கு வயதாகிவிட்டது. உள்ளே யாரோ இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிற கடையாகிவிட்டது.

விரலை மூன்றாவது ஜன்னலில் வைத்துவிட்டு அப்பா காத்திருந்தார்.

"இன்னொரு ஜன்னல் இருக்கு" என்றார்.

விரல் விளிம்பில் இருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு இறங்கப் பார்த்து அங்கேயே நின்றது.

"இன்னொண்ணு இருக்கும்மா."

வீடு அமைதியாக இருப்பதை மகள் அப்போதுதான் கவனித்தாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை. நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அம்மாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள். பெரியம்மா ஓவென்று குரலெடுக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். மகளும் அழுதாள். நான்தான் கேட்டேன், நான்தான் கேட்டேன் என்று மனசுக்குள் ஒரே வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. அதோடு கூடவே, அவளே வெட்கப்படுகிற மாதிரி ஒரு நிம்மதி. அந்த ரம்பம் இனி இழுக்காது. அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வெளிச்சம் சாய்வதற்குள் ஆகவேண்டியவை ஒவ்வொன்றாக ஆயின. யார் யாருக்கோ போன் போனது. நர்ஸ் குழாய்களைக் கழற்றிச் சுருட்டினாள். பெரியம்மா வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, மற்றவர்கள் வருவதற்குள் தங்கையைத் துடைத்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். இதை வேறு யாரும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நெற்றி, காதுக்குப் பின்னால், கழுத்து, இடது கை. குழந்தையில் தானே குளிப்பாட்டிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே துடைத்தாள். சோப்புப் போட்டால் எப்படிக் கத்துவாளாம், இவள் துரத்தத் துரத்த வீட்டைச் சுற்றி எப்படி ஓடுவாளாம்.

வலது கைக்கு வந்தபோது துணி நின்றது. ஆள்காட்டி விரலில் பழுப்பு ஏறியிருந்தது. நகத்தின் அடியிலும், விரல் ரேகைகளிலும். பெரியம்மா துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். அது பக்கத்து விரலுக்கும் பரவியது. "ஒரு பொட்டு அழுக்கு ஆகாதே இவளுக்கு" என்று அவள் குரல் உடைந்தது. இன்னும் வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தேய்க்காதீங்கக்கா" என்றார் அப்பா.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தேய்ச்சா உள்ள போயிடும். ஒத்தி எடுக்கணும்."

அவள் துணியை அவரிடம் கொடுத்தாள். அப்பா அதைப் பிழிந்து, உதறி, நாலாக மடித்துக்கொண்டார். விரலைத் தன் உள்ளங்கைமேல் வைத்துத் துணியின் ஓரத்தால் ஒத்தினார். எடுத்துப் பார்த்தார். துணியைத் திருப்பி, சுத்தமான இடமாகத் தேடி, மறுபடி ஒத்தினார். வாசலில் யாரோ வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தார்.